கண்ணடியில் வடியாத வீக்கம்: ஆண்டுகள் கழித்து வெளிப்பட்ட முக ஃபில்லர் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

மேற்குத் தமிழ்நாட்டு நகரம் ஒன்றின் தோல் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த ஒரு நோயாளியைப் பற்றிய பதிவு இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டோம். பொது மருத்துவர்கள், கண் மருத்துவர்கள், பல் மருத்துவர்கள், முகத்தில் ஃபில்லர் (குழியையும் சுருக்கத்தையும் நிரப்ப ஊசியால் செலுத்தும் பொருள்) போட்டுக்கொண்டவர்கள், போட்டுக்கொள்ள நினைப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதப்பட்டது.

பின்னணி

நோயாளி 49 வயதுப் பெண். கணவரின் வேலை காரணமாகப் பல ஆண்டுகள் வளைகுடா நாடு ஒன்றில் இருந்துவிட்டு, 44 வயதில் குடும்பத்தோடு ஊர் திரும்பினார். இப்போது சொந்தமாகச் சேலைக் கடை நடத்துகிறார். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் எதுவும் இல்லை. தொடர்ந்து சாப்பிடும் மருந்தும் இல்லை.

ஊர் திரும்பிய அடுத்த ஆண்டில்தான் தொந்தரவு தொடங்கியது. காலையில் எழும்போது இரண்டு கண்களுக்குக் கீழேயும் பை போலத் தொங்கும். மதியத்துக்குள் பாதி வடியும். கல்யாண விருந்து சாப்பிட்ட மறுநாளும், ஊறுகாய் கூடுதலாகச் சேர்த்துக்கொண்ட மறுநாளும் வீக்கம் அதிகமாக இருக்கும். முதலில் பார்த்த குடும்ப மருத்துவர், முகம் வீங்கினால் எவரும் செய்வதைச் செய்தார். சிறுநீரில் புரதம் போகிறதா, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா, தைராய்டு அளவு என்ன என்று பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. அடுத்து காது மூக்கு தொண்டை மருத்துவர், சைனஸுக்கு ஸ்கேன். அதன் பிறகு ஒவ்வாமைப் பரிசோதனை. வீட்டுத் தூசிக்கு லேசான ஒவ்வாமை இருப்பதாக முடிவு வந்தது. இதே பரிசோதனையை நம் ஊரில் தொந்தரவே இல்லாத பலருக்குச் செய்தாலும் ஏதோ ஒன்றுக்கு ஒவ்வாமை வரத்தான் செய்யும். ஆனால் அதன் பிறகு அவருடைய கோப்பில் எல்லோரும் "ஒவ்வாமை" என்றே எழுதத் தொடங்கினார்கள்.

ஒவ்வாமை மாத்திரைகளால் பலன் இல்லை. ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தபோது வீக்கம் நன்றாகக் குறைந்தது, நிறுத்திய இரண்டாவது வாரத்தில் திரும்பி வந்தது. ஸ்டீராய்டுக்குக் குறைந்ததே ஒவ்வாமைதான் என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பிறகு, வீட்டில் விசேஷம் வரும்போதெல்லாம் அந்தப் பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் அவரே மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். இப்படியே நான்கு ஆண்டுகள் கழிந்தன.

கடைசியாகப் பார்த்த கண் மருத்துவர், வயதின் காரணமாகக் கீழ் இமைக் கொழுப்பு முன்னால் தள்ளியிருக்கலாம் என்று கருதி, அதை அறுவை சிகிச்சையால் எடுக்க நாள் குறித்தார். அந்த நாளுக்கு முன்பாக வலது மேல் கடைவாய்ப்பல்லில் வேர் சிகிச்சை நடந்தது. இரண்டு வாரத்துக்குள் மூக்கின் வலது ஓரத்திலிருந்து வாய் மூலைக்கு இறங்கும் மடிப்பில் சிவந்த, கெட்டியான முடிச்சுகள் தோன்றின. கண் மருத்துவர் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டு எங்களிடம் அனுப்பினார். இந்த நிகழ்வின் போக்கை மாற்றியது அந்த நிதானம்தான்.

பார்த்தபோது தெரிந்தவை

கண்ணடி வீக்கம் இரு பக்கமும் மென்மையாக இருந்தது. விரலால் அழுத்தினால் லேசாகக் குழி விழுந்தது. மேல் ஓரம் இமையில் கலந்து மறைந்தாலும், கீழ் ஓரம் கன்ன எலும்பின் மேல் கோடு போட்டதுபோல் முடிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்த்தால் தோலுக்கு அடியில் மெல்லிய நீலச் சாயல் தெரிந்தது. மாநிறத் தோலில் இந்த நீலம் எளிதில் தப்பிவிடும். கருவளையம் என்றே நினைக்கத் தோன்றும்.

அவரை மேலே பார்க்கச் சொன்னோம், பிறகு கீழே பார்க்கச் சொன்னோம். கண் குழியின் கொழுப்பு முன் தள்ளியிருந்தால் மேலே பார்க்கும்போது பை பெரிதாகும், கீழே பார்க்கும்போது சிறுக்கும். இவருக்கு எந்த மாற்றமும் இல்லை. அப்படியானால் அது கொழுப்பு இல்லை, நீர் தேங்கியிருக்கிறது. அரை நிமிடம்கூட ஆகாத, செலவில்லாத சோதனை இது.

வலது மடிப்பில் மூன்று முடிச்சுகள் இருந்தன. தொட்டால் சூடாகவும் கெட்டியாகவும் இருந்தன, தோலோடு ஒட்டியிருந்தன. மேல்தோல் கருஞ்சிவப்பாக மாறி, மெல்லிய இரத்தக் குழாய்கள் தெரிந்தன. இடது மடிப்பு வெளியே சாதாரணமாகத் தெரிந்தாலும், விரலால் உருட்டிப் பார்த்தால் உள்ளே நார்போல ஒரு கெட்டித்தன்மை தட்டுப்பட்டது. ஒரு பக்கம் மட்டும் சீறியிருக்கிறது, ஆனால் பொருள் இரு பக்கமும் இருக்கிறது என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது.

வரலாறு வெளிவந்த விதம்

முதல் நாள் அவரோடு மாமியாரும் கல்லூரியில் படிக்கும் மகளும் வந்திருந்தார்கள். "முகத்துக்கு ஏதாவது அழகு சிகிச்சை எடுத்ததுண்டா?" என்று கேட்டபோது, "ஃபேஷியல் மட்டும்தான் டாக்டர்" என்றார். மாமியாரும் ஆமோதித்தார். இதற்கு முன் பார்த்த மருத்துவர்களில் சிலரும் இதைக் கேட்டிருக்கிறார்கள், இதே பதில்தான் கிடைத்திருக்கிறது.

பதிவுக்காகப் புகைப்படம் எடுக்க அடுத்த அறைக்குத் தனியாக அழைத்துச் சென்றபோது, செவிலியரிடம் தயக்கத்தோடு கேட்டார்: "முன்னே போட்ட ஊசியால் இப்படி வருமா சிஸ்டர்? அது எப்போதோ கரைந்துபோயிருக்குமே?"

அதன் பிறகு உட்காரவைத்து நிதானமாகக் கேட்டதில் இரண்டு வெவ்வேறு சங்கதிகள் வெளிவந்தன. ஒன்று, 41 வயதுக்கும் 43 வயதுக்கும் இடையே வளைகுடாவில் இருந்த ஒரு தோல் கிளினிக்கில் கண்ணடிக் குழியை நிரப்ப மூன்று முறை ஃபில்லர் போட்டுக்கொண்டிருக்கிறார். ஓராண்டில் கரைந்துவிடும் என்று சொல்லியிருந்ததால் ஆண்டுக்கொரு முறை நிரப்பியிருக்கிறார்கள். இது கணவருக்குத் தெரியும். மற்றொன்று கணவருக்கும் தெரியாது. 42 வயதில், குடியிருப்பில் ஒரு தோழியின் வீட்டுக்கு வந்துபோகும் அழகுக்கலைப் பெண்மணியிடம் மூக்கோர மடிப்புகளில் ஊசி போட்டுக்கொண்டார். ஒரே மதியத்தில் ஐந்தாறு பெண்களுக்குப் போடப்பட்டதாம். சிரிஞ்சில் பெயர் எதுவும் இல்லை. திரும்பத் திரும்பப் போட வேண்டியதில்லை என்பதுதான் அதன் கவர்ச்சி.

முதல் கிளினிக்கின் ரசீது கைவசம் இல்லை, மருந்தின் பெயர் நினைவில் இல்லை, கிளினிக்கும் மூடப்பட்டுவிட்டது. இவர் கவனக்குறைவானவர் என்று யாரும் எண்ண வேண்டாம். கடைக்கு வரும் ஒவ்வொரு கட்டுச் சேலைக்கும் ரசீது வைத்திருப்பவர். கரைந்துபோகும் பொருளுக்கு எதற்குக் காகிதம் என்பதுதான் அவருக்குப் புரியவைக்கப்பட்டிருந்த கணக்கு.

"கரைந்துவிடும்" என்பது எவ்வளவு உண்மை

இன்று அதிகம் போடப்படும் ஃபில்லர் ஹையலூரோனிக் அமிலத்தால் ஆன கூழ். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த வகையில் முதலாவதாக ரெஸ்டிலேன் என்ற தயாரிப்பை 2003 டிசம்பரில் அனுமதித்தது. அதற்கு முன் 1981 முதல் மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் இருந்தது. சுமார் 3 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை வந்ததால் முன்கூட்டியே கையில் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஹையலூரோனிக் அமிலம் நம் உடலிலேயே உள்ள பொருள், அதனால் அந்தச் சோதனை தேவைப்படவில்லை. வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 15 கிராம் இருக்கும், அதில் மூன்றில் ஒரு பங்கு தினமும் சிதைந்து புதிதாக உருவாகிறது. இவ்வளவு வேகமாகச் சிதையும் பொருளைத் தோலுக்கு அடியில் நிற்கவைப்பதற்காகத்தான் அதன் இழைகளை ஒரு வேதிப்பொருளால் ஒன்றோடொன்று பிணைக்கிறார்கள்.

அந்தப் பிணைப்பு எவ்வளவு காலம் தாங்கும் என்பது இடத்தைப் பொறுத்தது. உதடு ஓயாமல் அசையும் இடம், அங்கே சீக்கிரம் குறையும். கண்ணடி அதிகம் அசைவதில்லை. நடு முகத்தில் போட்ட ஃபில்லர் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருப்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன. விளம்பரங்கள் சொல்லும் ஆறு மாதம், ஓராண்டு என்பது கண்ணாடியில் பார்த்து அழகு குறைந்துவிட்டதாகத் தோன்றும் காலம் மட்டுமே. பொருள் உடலை விட்டுப் போகும் காலம் வேறு. முந்தையது உள்ளே இருக்கும்போதே அடுத்ததைப் போட்டால் அடுக்கு ஏறிக்கொண்டே போகும்.

ஹையலூரோனிக் அமிலம் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். கீழ் இமைத் தோல் உடலிலேயே மிக மெல்லிய தோல்களில் ஒன்று, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே கூழ் தேங்கினால் நிணநீர் வடியும் பாதையையும் அழுத்தும். உப்பு சாப்பிட்ட மறுநாள் பை பெரிதாவதும், படுத்து எழுந்ததும் கூடுவதும், நிமிர்ந்து நடமாடியதும் குறைவதும் இதனால்தான். நீலச் சாயல், மேலாகப் படிந்த கூழில் ஒளி சிதறுவதால் வருவது. வீக்கம் ஊசி போட்ட உடனே வந்திருந்தால் யாரும் காரணத்தைத் தேடியிருக்க மாட்டார்கள். ஓரிரு ஆண்டு கழித்து மெல்ல வந்ததால்தான் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஸ்கேனும் பயாப்சியும்

உயர் அதிர்வெண் அல்ட்ராசவுண்ட் கருவியால் முகத்தைப் பார்த்தோம். வயிற்றுக்குப் பயன்படுத்தும் சாதாரணக் கருவி இதற்குப் போதாது. தோலுக்கான 18 மெகாஹெர்ட்ஸ் முனை வேண்டும். இரு கண்களுக்கும் கீழே, எல்லை தெளிவான கருநிறக் குட்டைகள் தெரிந்தன. ஹையலூரோனிக் அமிலம் ஸ்கேனில் இப்படித்தான் கறுப்பாகத் தெரியும். கடைசி ஊசி போட்டு ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மூக்கோர மடிப்புகளில் தெரிந்தது வேறு. இரு பக்கமும் வெண்மையான மூட்டம், அதற்குப் பின்னால் இருக்கும் எதுவும் தெரியவில்லை. கதிரியக்க மருத்துவர்கள் இதைப் பனிப்புயல் தோற்றம் என்கிறார்கள். திரவச் சிலிகானின் அடையாளம் அது. அதாவது ஒரே முகத்தில் இரண்டு பொருள்கள். ஒன்றைக் கரைக்க மருந்து உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. ஸ்கேன் பார்க்காமல் நோயாளி "ஜெல் ஊசி" என்று சொன்னதை மட்டும் நம்பி மடிப்பிலும் கரைப்பு மருந்தைச் செலுத்தியிருந்தால், பலன் கிடைக்காததோடு அழற்சி உள்ள இடத்தில் கிருமியைப் பரப்பவும் வாய்ப்பிருந்தது.

இந்த நாட்டில் முகத்தில் கெட்டி முடிச்சு என்றால் காசநோயையும் அதன் உறவுக் கிருமிகளையும் நினைக்காமல் இருக்க முடியாது. அசுத்தமான ஊசியால் அவை வருவதும் உண்டு. அதனால் மடிப்புக் கோட்டின் மேலேயே, தழும்பு மறையும்படி, பயாப்சி (பரிசோதனைக்கான சிறு திசுத் துண்டு) எடுத்தோம். திசுவில் பல அளவுகளில் வெற்றுக் குழிகளும், அவற்றைச் சூழ்ந்து பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்களும் இருந்தன. சிலிகானை விழுங்க முயன்று தோற்ற செல்கள் அவை. கிருமி வளர்ப்புப் பரிசோதனையில் காசநோய் வகை எதுவும் வளரவில்லை. மார்பு எக்ஸ்ரேயும் இரத்தக் கால்சியமும் பார்த்தோம். சார்க்காய்டோசிஸ் என்ற நோயும் இதே தோற்றத்தில் வரும் என்பது ஒரு காரணம். சிலிகான் முடிச்சுகளாலேயே சிலருக்குக் கால்சியம் உயர்வதும் உண்டு என்பது மற்றொன்று. இரண்டும் சரியாக இருந்தன.

எடுத்த முடிவுகள்

இமை அறுவை சிகிச்சையைக் கைவிடுவதில் கண் மருத்துவருக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கொழுப்பை எடுத்திருந்தால் வீக்கம் அப்படியே இருந்து, பின்னொரு நாள் கூழ் கரையும்போது கண்ணடி குழி விழுந்து போயிருக்கும்.

எதை முதலில் தொடுவது என்பதில்தான் யோசனை. நோயாளியைப் பொறுத்தவரை நான்கு ஆண்டாக உறுத்துவது கண்ணடிதான், அதை உடனே கரைத்துவிட வேண்டும் என்று கேட்டார். நாங்கள் மடிப்பின் அழற்சியை முதலில் அடக்கத் தீர்மானித்தோம். காரணம், கரைப்பு மருந்தான ஹையலூரோனிடேஸ் திசுக்களுக்கு இடையே உள்ள தடுப்பைத் தளர்த்தும் நொதி. பக்கத்திலேயே தொற்று இருக்கக்கூடிய இடம் இருக்கும்போது அதைத் திறந்துவிடக் கூடாது. பல் சிகிச்சையின்போது இரத்தத்தில் கலக்கும் கிருமிகள் இதுபோன்ற அந்நியப் பொருளின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு, சாதாரண அளவு ஆன்டிபயாடிக்குக்கு அசையாமல் கிடக்கும் என்று கருதப்படுகிறது. எனவே பல் மருத்துவர் வேர் சிகிச்சையை ஒழுங்காக முடித்ததை உறுதிசெய்துகொண்டு, இரண்டு வகை ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்துச் சில வாரங்கள் கொடுத்தோம்.

சொந்தமாக வாங்கிச் சாப்பிட்ட ஸ்டீராய்டை நிறுத்தச் சொன்னோம். தொற்று இல்லை என்று தெளிவான பிறகு, முடிச்சுகளுக்குள் நேரடியாக மிகக் குறைந்த அடர்த்தியில் ஸ்டீராய்டு ஊசி போட்டோம். அடர்த்தியைக் கூட்டினால் சீக்கிரம் அமுங்கும் என்பது உண்மைதான். ஆனால் நம் நிறத் தோலில் அந்த இடம் வெளுத்துக் குழியும், பிறகு அதை மறைக்க இன்னொரு ஊசி கேட்பார்கள்.

சிலிகானை அறுத்து எடுப்பது பற்றி நோயாளியின் கணவர் கேட்டார். அதற்குள் அவருக்கும் விவரம் தெரிந்திருந்தது. நோயாளியே சொல்லிவிட்டார். திரவச் சிலிகான் ஒரே கட்டியாக இருப்பதில்லை. துளித்துளியாகத் தசைக்கும் கொழுப்புக்கும் இடையே ஊடுருவியிருக்கும். முழுதாக எடுக்க முயன்றால் முகத் தசைகளை இயக்கும் நரம்புக் கிளைகளுக்கு ஆபத்து, தழும்பும் மிஞ்சும். சீழ் வைத்தாலோ தோல் உடைந்தாலோ மட்டும் அறுவை சிகிச்சை என்று எழுதிவைத்துக்கொண்டோம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முக அழகுக்காகத் திரவச் சிலிகானை ஊசியாகப் போட இன்றுவரை அனுமதி தரவில்லை. இது புதுப் பாடமும் அல்ல. வியன்னாவில் கெர்சுனி என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் 1899இல் வாசலின் போன்ற பாரஃபினை உடலில் செலுத்திப் பார்த்தார். ஆரம்பத்தில் அற்புதம் என்றார்கள், பிறகு ஆண்டுகள் கழித்துக் கெட்டிக் கட்டிகள் வரத் தொடங்கின. பாலிஅக்ரிலமைடு என்ற கூழைச் சீனா 2006இல் தடைசெய்ததும் இப்படிப்பட்ட தொல்லைகளுக்குப் பிறகுதான். ஒரு முறை போட்டால் போதும் என்று விற்கப்பட்டவற்றின் கதை ஏறக்குறைய ஒன்றேதான்.

மடிப்பு அமைதியான பிறகு கண்ணடிக்கு வந்தோம். ஹையலூரோனிடேஸ் நம் நாட்டில் 1500 அலகுத் தூளாகக் குப்பியில் கிடைக்கிறது. கண் அறுவை சிகிச்சைக்கு முன் மரத்துப்போகும் ஊசியோடு கலக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். ஃபில்லரைக் கரைக்கப் பயன்படுத்துவது அதன் பதிவு செய்யப்பட்ட பயன் அல்ல என்பதைச் சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்கினோம். தேனீ, குளவி கொட்டி மோசமான ஒவ்வாமை வந்ததுண்டா என்று கேட்டோம், அவற்றின் நஞ்சிலும் இதே வகை நொதி இருப்பதால். இல்லை என்றார். ஆனாலும் முன்கையில் சோதித்தோம். குப்பியில் ஒரு சிறு பங்கை மட்டும், ஸ்கேனில் பார்த்தபடி, குட்டைக்குள்ளேயே செலுத்தினோம். ஒரே தடவையில் எல்லாவற்றையும் கரைத்தால் எவ்வளவு குழி விழும் என்று கணிக்க வழியில்லை. அதனால் இரண்டு வார இடைவெளியில் மூன்று தவணையாகச் செய்தோம்.

தொடர்ந்தவை

முதல் தவணைக்கு இரண்டு நாளில் காலை வீக்கம் கண்கூடாகக் குறைந்தது. மூன்றாவதற்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் கருநிறக் குட்டைகள் இல்லை. நீலச் சாயலும் போய்விட்டது. நான்கு ஆண்டாகச் சாப்பிட்ட ஒவ்வாமை மாத்திரையை நிறுத்தியும் வீக்கம் திரும்பவில்லை.

இத்தோடு முடிந்தது என்று எழுத முடியாது. கூழ் போன பிறகு கண்ணடி, ஃபில்லர் போடுவதற்கு முன் இருந்ததைவிடவும் ஒட்டியதுபோல் தெரிந்தது. தோலில் மெல்லிய சுருக்கங்கள் விழுந்தன. நோயாளி மிகவும் மனம் தளர்ந்தார். "வீங்கிய முகமே பரவாயில்லை போலிருக்கிறது டாக்டர், கடைக்கு வருகிறவர்கள் உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்கள்" என்றார். அவருடைய வேலை நாளெல்லாம் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசும் வேலை. மீண்டும் சிறிது நிரப்ப முடியுமா என்று கேட்டார், மறுத்தோம். வேறொரு இடத்தில் போட்டுக்கொள்வாரோ என்ற கவலை எங்களுக்கு இருந்தது. அதனால் வெறுமனே மறுக்காமல், பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு மகளையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசினோம். 40 வயதில் எடுத்த திருமண வீட்டுப் படத்தில் அந்தக் குழி ஏற்கெனவே லேசாக இருந்தது. ஒன்பது ஆண்டு வயது கூடியதில் அது ஆழமாகியிருக்கிறது. அதில் எவ்வளவு காலத்தால் வந்தது, எவ்வளவு ஃபில்லர் தோலை இழுத்துவைத்திருந்ததால் வந்தது என்று பிரிக்க எங்களிடம் அளவுகோல் இல்லை.

கரைப்பு மருந்து தன் சொந்தத் தோலின் ஹையலூரோனிக் அமிலத்தையும் தின்றுவிட்டதோ என்ற பயம் அவருக்கு இருந்தது. இணையத்தில் படித்திருக்கிறார். அது ஓரளவு கரைவது உண்மை, ஆனால் உடல் அதைத் தினமும் உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. சில மாதங்களில் சுருக்கம் ஓரளவு மட்டுப்பட்டது. வெயிலுக்கான கிரீமும் இரவில் போடும் லேசான ரெட்டினாய்டு கிரீமும் தவிர வேறு எதுவும் தரவில்லை.

மடிப்பின் முடிச்சுகள் அமுங்கின, ஆனால் மறையவில்லை. விரலுக்கு இன்னும் தட்டுப்படுகின்றன. மேல்தோலில் காப்பி நிறத் திட்டு நின்றுவிட்டது. இரத்தக் குழாய்கள் தெரிவது குறைந்தது. சில மாதம் கழித்து ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வலது பக்கம் மீண்டும் சிவந்து வீங்கியது. இந்த முறை பயந்து மருந்துக் கடைக்குப் போகாமல் நேரே எங்களிடம் வந்தார். குறுகிய கால மருந்தோடு அடங்கியது. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் வேறு எதற்கோ விழித்துக்கொள்ளும்போது பழைய ஃபில்லரையும் கவனிக்கத் தொடங்குவது தெரிந்த விஷயம். 2020 டிசம்பரில் மாடர்னா நிறுவனத்தின் கோவிட் தடுப்பூசியை அமெரிக்க நிர்வாகம் பரிசீலித்தபோது, ஃபில்லர் போட்டிருந்த சிலருக்கு முகம் வீங்கியது பதிவானது. அதற்காகத் தடுப்பூசியைத் தவிர்க்க யாரும் சொல்லவில்லை. வீக்கம் வந்தால் காரணம் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

ஓராண்டு முடிவில் எடுத்த புகைப்படத்தில் கண்ணடி தட்டையாக இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுப் படத்தோடு வைத்துப் பார்த்தால் இளமையாகத் தெரியவில்லை, ஆரோக்கியமாகத் தெரிகிறது. நோயாளியிடம் கேட்டதற்கு, "பழகிவிட்டது" என்றார். அதைத் திருப்தி என்று கணக்கில் எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

தோலைப் பற்றி இந்த நிகழ்விலிருந்து எவ்வளவு சொல்லலாம்

ஃபில்லர் எல்லாமே தோலைக் கெடுக்கும் என்று இதைப் படித்து யாராவது முடிவுகட்டினால் அது சரியல்ல. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வெயிலால் முதிர்ந்த முன்கைத் தோலில் ஹையலூரோனிக் அமில ஃபில்லர் போட்டபோது அந்த இடத்தில் புதிய கொலாஜன் உருவானது. கூழ் உள்ளிருந்து தோலை இழுத்துப் பிடிப்பதால் கொலாஜனைச் சுரக்கும் செல்கள் தூண்டப்படுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். எச்.ஐ.வி. சிகிச்சையில் கன்னக் கொழுப்பு கரைந்துபோனவர்களுக்காகப் பாலிலாக்டிக் அமில ஃபில்லர் அமெரிக்காவில் 2004இல் அனுமதிக்கப்பட்டபோது, வெளியே தலைகாட்டத் தயங்கிய பலருக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

இந்தப் பெண்ணுக்கு வந்த கெடுதல்கள் ஒரே தரத்தவை அல்ல. கண்ணடியில் போடப்பட்டது முறையான பொருள், முறையான கை. இடமும் அடுக்கடுக்காகச் சேர்ந்த அளவும்தான் பிரச்சினை, அதைத் திருப்ப முடிந்தது. மடிப்பில் போடப்பட்டது அனுமதியில்லாத பொருள், மருத்துவர் அல்லாத கை. அது அவருடன் வாழ்நாள் முழுதும் இருக்கும். இரண்டையும் "ஃபில்லர் பக்கவிளைவு" என்ற ஒரே தலைப்பில் போட்டுப் பேசும் பேச்சு நோயாளிகளைக் குழப்புகிறது.

மாற்றிக்கொண்டவை

எங்கள் புறநோயாளிப் பதிவில் "அழகு சிகிச்சை உண்டா" என்ற கேள்வியை எடுத்துவிட்டோம். "முகத்தில் எப்போதாவது, எந்த வயதிலாவது, யாராவது ஊசி போட்டதுண்டா?" என்று கேட்கிறோம். பளபளப்புக்கு, வைட்டமினுக்கு, சுருக்கத்துக்கு, உதட்டுக்கு என்று உதாரணங்களையும் சொல்கிறோம். நிறம் வெளுக்க ஊசி போட்டுக்கொண்டவர்கள்கூட அதைச் சிகிச்சையாக எண்ணுவதில்லை. முக வீக்கம் என்று வரும் எல்லோரையும், ஆணானாலும் பெண்ணானாலும், சிறிது நேரம் தனியாகப் பார்க்கிறோம். புகைப்படம் எடுப்பது அதற்கு வசதியான காரணம். உடன் வந்தவரும் சங்கடப்படுவதில்லை.

காரணம் தெரியாத முக முடிச்சுக்கு ஊசியோ கத்தியோ வைப்பதற்கு முன் தோல் அல்ட்ராசவுண்ட் கட்டாயம். எங்களிடம் கருவி இல்லாத நாட்களில் இருக்கும் இடத்துக்கு அனுப்புகிறோம், தாமதமானாலும் காத்திருக்கிறோம். நகரத்தின் கண், பல் மருத்துவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுத்திருக்கிறோம். மேலும் கீழும் பார்க்கவைக்கும் சோதனையும், பல் சிகிச்சைக்கு முன் ஃபில்லர் பற்றிக் கேட்பதும் அதில் இருக்கின்றன.

இங்கே ஃபில்லர் போட்டுக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தருகிறோம். பொருளின் வகை, தயாரிப்பாளர், தொகுதி எண், போட்ட இடம், அளவு, தேதி, சிரிஞ்சில் ஒட்டிவரும் ஸ்டிக்கர் ஆகியவை அதில் இருக்கும். அடுத்த ஆண்டு நிரப்ப வருகிறவருக்கு, பழையது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஸ்கேனில் பார்க்காமல் போடுவதில்லை. இதனால் சிலர் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள். கண்ணடிக் குழிக்கு ஃபில்லர் கேட்டு வருகிறவர்களில் காலை வீக்கம் ஏற்கெனவே உள்ளவர்களுக்குப் போட மறுக்கிறோம்.

வீட்டுக்கு வந்து ஊசி போட்ட அந்தப் பெண்மணியிடம் அதே மதியம் போட்டுக்கொண்ட மற்றவர்களுக்கு இதைத் தெரிவிக்கும்படி நோயாளியிடம் கேட்டுக்கொண்டோம். அவர்களில் இருவரோடு மட்டும் தொடர்பு இருந்தது. ஒருவர் தனக்கு ஒன்றும் இல்லை என்று பதில் அனுப்பினார். மற்றவர் தன் கன்னத்தின் புகைப்படத்தை அனுப்பி, இது கொசுக்கடிதானே என்று கேட்டிருந்தார். அவர் வசிக்கும் ஊரிலேயே ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள தோல் மருத்துவரிடம் காட்டும்படி, எங்கள் நோயாளியின் ஒப்புதலோடு சுருக்கமான கடிதம் எழுதிக் கொடுத்தோம்.